மூடப்பட்ட தலைவலி

சம்பளமில்லாத வேலையில்தான் மனுசருக்கு அதிகாரம் கெதியாகத் தலைக்கேறும். எனக்கு ஏறியது, கைபேசியில் தமிழ் எழுதும் ஒரு இலவசச் செயலிக்கு என்னையும் பொறுப்பாளராகச் சேர்த்த அன்று. ஆர்வலர்கள் பலர் சேர்ந்து செய்யும் திறந்தமூலச் செயலி அது. பாவிப்பவர்கள் இணையத்தில் போட்ட முறைப்பாடுகள் தீர்ப்பாரில்லாமல் வருசக்கணக்காகக் குவிந்து கிடந்தன. உலகத் தமிழரெல்லாம் உருத்திரபுரத்தில் இருக்கும் என்னை நம்பித்தான் எழுதுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். (நினைப்புக்கு என்ன குறைச்சல்!)

தீர்ப்பதைவிட மூடுவது சுகம். "நீண்டகாலமாக எவரும் கவனிக்காததால் இம்முறைப்பாடு மூடப்படுகிறது" என்று பழையவற்றிலெல்லாம் தானாகவே எழுதி மூடும் நிரல் ஒன்றை எழுதி, காலமை தேத்தண்ணியோடு ஓடவிட்டேன். (கவனிக்காதவர்கள் நாங்கள்தான் என்பது வேறு கதை.)

ஒருவர் மட்டும் விடவில்லை. 'வயல்காரி' என்ற பெயரில் அவர் போட்டிருந்த முறைப்பாடு இது: "தலைவலி என்று அடித்தால் தலைவலி என்று வருகிறது."

சரியாகத்தானே வருகிறது? நிரல் மூடியதை அவர் திறந்தார். நான் மூடினேன். மறுபடி திறந்து, "தலைவலி இன்னும் தீரவில்லை. கடிதம் எழுத வெட்கமாக இருக்கிறது" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "தலைவலிக்கு நாங்கள் பொறுப்பில்லை. நல்ல டொக்டரைப் பாருங்கோ" என்று எழுதி மூடினேன்.

குசினிக்குள் சட்டிமூடி விழுந்த சத்தம். கைபேசியோடு அம்மா வெளியே வந்தா.

"ஆரடி என்னை டொக்டரைப் பாக்கச் சொன்னது?"

"ஐயோ, வயல்காரி நீங்களோ? வீட்டில இருக்கிற என்னட்டச் சொல்லியிருக்கலாமே!"

"எத்தினை தரம் சொன்னனான்! 'முறைப்பாடு போடுங்கோ, பாப்பம்' எண்டு நீதானே சொன்னனீ!"

அம்மா மாதர் சங்கச் செயலாளர். அவா 'தலைவி' என்று அடித்தால் எங்கள் செயலி அதைத் தானாகவே 'தலைவலி' என்று திருத்திவிடும். முறைப்பாட்டையும் அதே செயலியில்தான் எழுதியிருக்கிறா. ஏற்கெனவே "மதிப்புக்குரிய தலைவலி அவர்களுக்கு" என்று ஒரு கடிதம் போய், தலைவி எங்கள் வீட்டுப் பக்கம் வருவதையே நிறுத்தியிருந்தா.

மூடியதையெல்லாம் திறந்தேன். மற்றப் பொறுப்பாளர்களிடம் மன்னிப்புக் கேட்டேன். அம்மா சொன்ன பிழையை அன்றைக்கே திருத்தினேன். பின்னேரம் அம்மாவோடு தலைவி வீட்டுக்குப் போய், கதிரை நுனியில் இருந்துகொண்டு நடந்ததைச் சொன்னேன். தலைவி அம்மாவைப் பார்த்து, "அப்ப தலைவலி நானில்லை, உங்கட மகள்தான்" என்றா. மூன்று பேரும் சிரித்துவிட்டோம்.

சங்கத்தின் அடுத்த நிர்வாகத் தெரிவில் அம்மாவே தலைவியானா. அப்பா பெருமையோடு சொந்தக்காரர் எல்லாருக்கும் செய்தி அனுப்பினார்: "கடவுள் அருளால் இன்று முதல் என் மனைவி சங்கத்தின் தலைவலி."

அவர் தன் செயலியைப் புதுப்பித்திருக்கவில்லை.

பூநகரி மாமி இப்பவும் போனில் கோல் எடுத்தால் முதல் கேள்வி: "தலைவலி வீட்டில நிக்கிறாவோ?"