மூடிக்கு வைத்த சந்தனம்

தனக்குப் பிடிபடாத பழுது ஒன்று உண்டு என்று எந்த மெக்கானிக்கும் ஒத்துக்கொண்டதில்லை. நான் ஒத்துக்கொள்கிறேன். தலை முழுக்க நரைத்த பிறகு ஒத்துக்கொள்வதில் பெரிய நஷ்டம் இல்லை.

ஆந்திராவுக்கும் மெட்ராஸுக்கும் எல்லை பிரிக்கிற பேச்சு நடந்துகொண்டிருந்த காலம். திருத்தணி எந்தப் பக்கம், பிச்சாட்டூர் எந்தப் பக்கம் என்று டீக்கடைக்கு டீக்கடை தீர்ப்பு வழங்கிக்கொண்டிருந்தார்கள். நான் சித்தூரில் ஒரு ஷெட்டில் மெக்கானிக். அண்ணனும் அண்ணியும் திருத்தணியில். எனக்கு ஓர் அறை, ஒரு தட்டு, ஒரு டம்ளர். சாயங்காலம் கதவைச் சாத்தினால் மறுநாள் ஷெட்டுக்குப் போகும்வரை வாய்க்கு வேலை கிடையாது. கல்யாணம் ஆனால் பேச ஆள் கிடைக்கும் என்பதுதான் என் ஆசை. (பெண் அழகாகவும் இருந்தால் ஆட்சேபணை இல்லை.)

பிச்சாட்டூரில் ஒரு விவசாயக் குடும்பத்துப் பெண் ஜாதகம் பொருந்தியது. விஜயதசமி அன்று காலை பத்து மணிக்குத் திருப்பதியில் ஒரு சத்திரத்தில் பெண் பார்ப்பதாக ஏற்பாடு. என் முதலாளி பெரிய மனசு பண்ணித் தன் பழைய சீமைக் காரை இரவல் கொடுத்தார். இரண்டு பேர் உட்காரும் வண்டி. அதில் சூப்பர்சார்ஜர் உண்டு. என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கிற பம்பு அது. ஜில்லாவிலேயே அதைத் தொடத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று நானே ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தேன். முந்தின நாள் ஆயுத பூஜைக்கு விளக்கு, சக்கரம், ஸ்டியரிங் என்று ஒன்று விடாமல் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்ததும் நான்தான்.

புத்தலப்பட்டு தாண்டியதும் வண்டிக்கு இழுவை குறைந்தது. இருமி நின்றது. ப்ளக்கைக் கழற்றித் துடைத்தேன். பெட்ரோல் காட்டும் முள் செத்து வெகுநாள் ஆகியிருந்ததால், டாங்க் மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்த்தேன். திறக்கும்போது ‘உஸ்’ என்று ஒரு சத்தம். பெட்ரோல் நிறைய இருந்தது. ஸ்டார்ட் செய்ததும் பறந்தது. ‘ப்ளக்குதான்’ என்று உரக்கச் சொன்னேன், கேட்க ஒருவரும் இல்லாவிட்டாலும்.

சில மைல் போனதும் மறுபடி அதே இருமல். கார்புரேட்டரைப் பிரித்து மாட்டினேன், குச்சி விட்டேன், உஸ், பறந்தது. ஆக, கார்புரேட்டர்தான். அடுத்த தடவை சூப்பர்சார்ஜர் பெல்ட்டு. சந்திரகிரிக்கு வருவதற்குள் நான் கண்டுபிடிக்காத பழுதே அந்த வண்டியில் பாக்கி இல்லை. வண்டி மட்டும் நின்று நின்றுதான் வந்தது.

சத்திரத்தை அடைந்தபோது மணி இரண்டு. அண்ணனும் அண்ணியும் ரயிலில் வந்து காலையிலிருந்தே காத்திருந்தார்கள். “மூஞ்ச கழுவிகினு வா, பொண்ணு பயந்துக்கும்” என்றாள் அண்ணி. பெண்ணின் நைனா தங்கமான மனிதர். தாமதத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வண்டியில் ஒரு சுற்றுப் போகலாமா என்றுதான் கேட்டார். போனோம். திரும்பி வரும்போது, எல்லோரும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, சரியாகச் சத்திரத்துக்கு எதிரே இருமி நின்றது.

இறங்கி மூடியைத் திறந்தேன். உஸ்.

அண்ணிக்குப் பின்னால் நின்றிருந்த பெண் மெதுவாகச் சொன்னாள்: “மூடி மேலயும் சந்தனம் வெச்சிக்கிறீங்களே, அதுல இருக்கிற ஓட்ட அடைஞ்சிக்காதா? எங்கூட்ல மண்ணெண்ண டின்னுக்கு ரெண்டு ஓட்ட போடுவோம். ஒண்ணு அடைச்சிக்கினா எண்ண எறங்காது.”

“அது மண்ணெண்ணெய் டின்மா. இது சூப்பர்சார்ஜர்” என்றேன். அதோடு விட்டிருக்கலாம். கால் மணி நேரம் அவளுக்குச் சூப்பர்சார்ஜர் பாடம் நடத்தினேன். கடைசியில் நிமிர்ந்து பார்த்தால் அவள் உள்ளே போய்விட்டிருந்தாள்.

அவள் நைனா அண்ணனிடம் சொன்னார்: “தம்பி வேல தெரிஞ்சவருதான், தப்பா நெனச்சிக்காதீங்க. ஆனா எம்பொண்ணு ஒரு வார்த்த சொன்னா காதுல வாங்கணுமில்ல? நாளைக்கு அது யாருகிட்ட பேசும்?” நாலு மணி பஸ்ஸில் போய்விட்டார்கள். அண்ணனும் அண்ணியும் ரயிலுக்குப் போனார்கள்.

நான் தனியாகத் திரும்பினேன். பாகாலா பக்கம் வண்டி நின்றது. யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, ஒரு கம்பியால் மூடியின் ஓட்டையில் காய்ந்திருந்த சந்தனத்தைக் குத்தி எடுத்தேன். ஒரு பக்கம் காற்றைத் திணிக்கிற வண்டி, டாங்க்குக்குள் காற்று புக இருந்த ஊசி நுழையும் அளவு வழி அடைபட்டதால், பெட்ரோல் இறங்காமல் செத்துக்கொண்டிருந்திருக்கிறது. அப்புறம் சித்தூர் வரை ஓர் இருமல் இல்லை. அத்தனை நன்றாக ஓடியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாளே பிச்சாட்டூர் போய், ‘நீ சொன்னதுதான் சரி’ என்று சொல்லியிருக்கலாம். ரோஷம் விடவில்லை. ரோஷம் தணிந்தபோது அவளுக்குக் கல்யாணம் முடிந்திருந்தது. பிறகு எல்லையும் பிரித்தார்கள். பிச்சாட்டூர் நான் இருக்கும் ஆந்திராப் பக்கம் வந்தது. அண்ணன் குடும்பம் இருந்த திருத்தணி மெட்ராஸ் பக்கம் போனது. எனக்கு வேறு இடமும் அமையவில்லை. அறை, தட்டு, டம்ளர் எல்லாம் அப்படியே இருக்கின்றன.

அண்ணன் வீட்டில் இன்றைக்கும் யாராவது கூப்பிட்டுத் திரும்பாவிட்டால், “காதுல சந்தனம் வெச்சிக்கினியா?” என்றுதான் கேட்பார்கள். அண்ணன் பேரப்பிள்ளைகளுக்கு அதன் கதை தெரியாது, ஆனால் கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். வருஷத்தில் இரண்டு நாள் நான் அங்கே போவேன். எனக்குக் காது நன்றாகவே கேட்கிறது. ஆனாலும் பிள்ளைகள் கூப்பிடும்போது, முதல் தடவை திரும்பமாட்டேன்.