நாற்பத்தேழாவது மூலப்பொருள்

எண்ணிக்கை சரியாக இருந்தால் எல்லாம் சரியாக இருக்கும் என்று அறுபத்தெட்டு வயது வரை நம்பினேன். தோட்டத்தில் முப்பத்தொரு வருடம் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்தவன் வேறு எதை நம்புவான்?

எங்கள் ஊர் பாக்கார் ஆராங்கில் என் மகள் செல்வி சமையல்கூடம் வைத்திருக்கிறாள். ஒரு தொழிற்சாலை கேண்டீனுக்குச் சாப்பாடு அனுப்பும் வேலை அவளுக்குக் கிடைக்க இருந்தது. ஆனால் ஹலால் சான்றிதழ் கட்டாயம். கோழி முதல் கடுகு வரை நாற்பத்தாறு மூலப்பொருள். ஒவ்வொன்றும் எந்தக் கம்பெனியிலிருந்து வருகிறது, அதற்கு ஹலால் சான்றிதழ் உண்டா என்று கோப்பு தயாரித்தது நான்தான். (ஏழு முறை எண்ணினேன். எட்டாவது முறை செல்வி பிடுங்கிக்கொண்டாள்.)

"அப்பா, கிச்சன்ல சாமி படம், பூசை சாமான் எதுவும் இருக்கக் கூடாது. ரூல்ஸ்லா" என்றாள். படத்தை நானே கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

ஹலால் அதிகாரி சோதனைக்கு வரும் நாள் காலையில் கோயிலுக்குப் போய்வந்து, நல்லபடியாக முடியட்டும் என்று கோப்பின் முதல் தாளில், கோழிக் கம்பெனியின் சான்றிதழ் மூலையில், ஒரே ஒரு குங்குமப் பொட்டு வைத்தேன். (கோப்பு கிச்சன் சாமானா என்ன?)

மலாய்க்கார அதிகாரி அம்மா கோப்பைத் திறந்தார். சிவப்புத் தூள் சமையல் மேசையில் உதிர்ந்தது.

"இது என்ன, அங்கிள்?" என்று மலாயில் கேட்டார்.

"மிளகாய்த்தூள்" என்றேன்.

அவர் பேனாவை எடுத்தார். "எந்தக் கம்பெனி?"

செல்வி காய்ந்த மிளகாய் வாங்கி அரைப்பவள். பட்டியலில் மிளகாய்த்தூளே கிடையாது.

"பெண்டாங்" என்றேன். அந்த ஊர்ப் பெயரை ஏன் சொன்னேன் என்று இன்றும் விளங்கவில்லை. அங்கே விளைவது நெல்.

"சான்றிதழ் எங்கே? பட்டியலில் நாற்பத்தாறுதான் இருக்கிறது. இது நாற்பத்தேழு."

கணக்கு உதைக்கிறது என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. எழுந்து, இல்லாத மிளகாய்த்தூளின் சான்றிதழை இரண்டு அலமாரியில் உண்மையாகவே தேடினேன்.

"ஐயோ அப்பா, தேடாதீங்கலா! அது குங்குமம்!" என்று செல்வி கத்தினாள். பிறகு மலாயில் நடந்ததைச் சொன்னாள்.

அதிகாரி என் நெற்றியைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். சிரித்து முடித்ததும், மேசையைக் கழுவி, தாளை மாற்றி வைக்கச் சொல்லி, இரண்டு வாரம் கழித்து மறுபடி வருவதாக எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தப் பதினான்கு நாளில் செல்வி என்னிடம் பேசியது பதினோரு வார்த்தை.

சான்றிதழ் கிடைத்தது, கேண்டீன் வேலையும் கிடைத்தது. ஆனால் இன்றும் காலையில் நான் நெற்றிக்குக் குங்குமம் வைக்கும்போது உள்ளிருந்து செல்வி குரல் கொடுப்பாள்:

"அப்பா, எந்தக் கம்பெனி?"

பெண்டாங் என்று பதில் சொன்னால்தான் காப்பி வரும்.