முதல் கடிதம் ஒருமுறைதான்

அந்த மாதம் புதிதாகச் சேர்ந்த இருபத்து மூன்று நிறுவனங்களில் இரண்டே இரண்டுதான் கவியரசன் எழுதிய வரவேற்பு மெயிலைத் திறந்து பார்த்திருந்தன. அதில் ஒன்று, சந்தாவிலிருந்து விலக என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருந்தது.

அல்சூர் ஏரிக்கு எதிரே, இரண்டாவது மாடியில் இருந்தது அலுவலகம். மற்ற அலுவலகங்களின் மேஜைகளுக்குச் செடிகளைச் சந்தா முறையில் அனுப்புவது அவர்கள் தொழில். புதிதாகச் சேரும் நிறுவனத்துக்கு முதல் செடி இலவசம். கூடவே ஒரு வரவேற்பு மெயில். செடியை அப்பாதுரை தன் ஆட்டோவில் கொண்டுபோய்க் கொடுப்பார். மெயிலை எழுதுவது கவியரசன்.

முதலாளி வேதநாயகி மடிக்கணினியை அவன் பக்கம் திருப்பினார்.

"கவி, இதுல பதினோரு பத்தி இருக்கு. ஏழு விதிமுறை. 'நிர்வாகம் பொறுப்பல்ல'ன்னு முடியுது. இது வரவேற்பா, கோர்ட் நோட்டீஸா?"

"எல்லாத்தையும் சொல்லணும்ல மேடம்."

"சொல்லணும். வாசல்லயே நிக்கவெச்சா சொல்லுவீங்க?"

நூறு பேரை நினைத்து எழுதாதீர்கள், ஒரே ஒரு ஆளை நினைத்து எழுதுங்கள் என்றார். இரண்டு மாதம் பார்ப்பேன். அதற்குள் யாராவது பதில் எழுதினால் வேலையை நிரந்தரமாக்குகிறேன், இல்லையென்றால் இந்த மெயில்களை ஒரு நிமிடத்தில் எழுதிக் கொடுக்கும் மென்பொருள் வந்துவிட்டது என்றும் சொன்னார். மென்மையாகத்தான் சொன்னார். அதுதான் பயமாக இருந்தது.

கவியரசன் ஆரணிக்காரன். கல்யாணமாகி ஒன்றரை வருடம். மனைவி கிருத்திகா பள்ளி ஆசிரியை. காக்ஸ் டவுனில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தார்கள். அவன் தலைக்குள் எப்போதும் ஏதோ மேகங்கள் நகர்ந்துகொண்டிருக்கும். அதனால் வீட்டில் பேச்சு குறைவு. அவள் வகுப்பில் நடந்ததையெல்லாம் சொல்வாள். அவன் "ம்" என்பான்.

"இந்த 'ம்'முக்கு என்னங்க அர்த்தம்?"

"ம்னா... கேட்டுக்கிட்டிருக்கேன்னு."

அன்று மாலை அவன் ஏரிக்கரையில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தான். தண்ணீரில் மேகமும் அடுக்குமாடிக் கட்டடங்களும் ஒன்றாக மிதந்தன. ஒரே ஒரு ஆள். யோசித்தபோது, இரண்டு பெட்டிகளோடு கிருத்திகா அந்த வீட்டுக்கு வந்த முதல் நாள் நினைவுக்கு வந்தது. உள்ளே வந்ததும் அவள் ஜன்னலைத்தான் பார்த்தாள். காலை வெயில் எந்தப் பக்கம் வரும் என்று கேட்டாள். அன்றைக்கும் அவன் "ம்" என்றுதான் சொல்லியிருந்தான். சொல்லாமல் விட்டதை இப்போது எழுதினான். ஆங்கிலத்தில்தான் எழுதினான், ஆனால் வந்ததெல்லாம் இதுதான்:

'நீங்கள் வந்துவிட்டீர்கள். இந்த ஜன்னல் இத்தனை நாளும் உங்களுக்காகத்தான் காத்திருந்தது. எங்கே பிடிக்கிறதோ அங்கே உட்காருங்கள். எதற்கும் அவசரமில்லை. தண்ணீர் வாரம் இருமுறை போதும்.'

எந்த மெயிலையும் முதலில் கிருத்திகாவின் போனுக்கு அனுப்பிப் பார்ப்பது அவன் வழக்கம். அது பழைய போன். அதில் ஒழுங்காகத் தெரிந்தால் எதிலும் தெரியும். வீட்டுக்கு வந்தபோது அவள் சமையலறையில் இருந்தாள்.

"மெயில் வந்துச்சா? எழுத்தெல்லாம் சரியா தெரியுதா?"

"தெரியுது" என்றாள், திரும்பாமல்.

அடுத்த வாரமே பதில் வந்துவிட்டது. 'நிலா டிசைன்ஸ்' என்ற புது நிறுவனம் எழுதியிருந்தது: 'மூன்று முறை படித்தோம். இந்தக் கடிதம் மறுபடியும் வருமா?'

வேதநாயகி அதை உரக்கப் படித்துக் காட்டினார். வரவேற்பு மெயில் புதிதாகச் சேருபவர்களுக்கு மட்டும்தான், அதுவும் ஒருமுறைதான் என்று கவியரசன் வருத்தத்தோடு பதில் போட்டான். மறுவாரம் 'மஞ்சள் வெயில் கன்சல்டன்ஸி' சேர்ந்தது. அதற்கடுத்து 'மூன்று மணி டியூஷன் சென்டர்'. எல்லோருமே மனம் உருகி எழுதினார்கள். இந்த ஊரில் இவ்வளவு ஈரமான நிறுவனங்கள் இருக்கின்றனவே என்று அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது.

தொல்லை, லிஃப்ட் பழுது பார்க்கும் நிறுவனம் நடத்தும் வெங்கடகிருஷ்ணன் வடிவில் வந்தது. அவருடைய அலுவலக மெயிலைப் பார்ப்பது அவர் மனைவி.

"தம்பி, யாரோட ஜன்னல் எனக்காகக் காத்திருக்குன்னு வீட்ல கேக்குறாங்க. நான் என்னன்னு சொல்லட்டும்?"

கவியரசன் பதறிப்போய் எல்லா நிறுவனங்களுக்கும் ஒரு திருத்தம் அனுப்பினான்: 'அந்த ஜன்னலுக்கும் உங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. தவறாக நினைக்க வேண்டாம்.' முதல் மெயிலைத் திறக்காதவர்கள்கூட, எந்த ஜன்னல் என்று தேடி எடுத்துப் படித்தார்கள். நான்கு நிறுவனங்கள் விலகின. தவறாக நினைக்க அப்படி என்ன இருந்தது என்று வெங்கடகிருஷ்ணனின் மனைவி இப்போது புதிதாகக் கேட்க ஆரம்பித்தாராம்.

பயந்துபோய், பழைய பதினோரு பத்திகளையே மறுபடி போட்டான். லிஃப்ட்காரர் வீட்டில் அமைதி திரும்பியது. ஆனால் அந்த வாரம் சேர்ந்த 'கொய்யாமரம் அசோசியேட்ஸ்' எழுதியது: 'கடிதம் ஏன் இப்படி வறண்டுபோயிற்று? உடம்பு சரியில்லையா? நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?'

முகம் தெரியாத யாரோ இப்படிக் கேட்டதை அவன் திரும்பத் திரும்பப் படித்தான். அன்றிரவு கிருத்திகா மிளகு ரசம் வைத்திருந்தாள்.

"ரசம் எப்படி இருக்கு?"

"ம்."

மறுநாள் ஜன்னலை மெயிலில் மறுபடி வைத்தான்; வருவது வரட்டும் என்று. அதன்பின் வாரத்துக்கு ஒரு புது வரவேற்புக் கடிதமாகச் சாயங்காலங்களில் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து எழுதினான். அங்கே எப்போதிருந்தோ ஒரு பச்சை நிழல் வந்து விழுந்துகொண்டிருந்தது; அதில் உட்கார்ந்தால் வார்த்தைகள் தானாக வந்தன. கிருத்திகா அருகில் உட்கார்ந்து நோட்டுப் புத்தகங்களைத் திருத்துவாள். நடுநடுவே அவன் முகத்தைப் பார்ப்பாள்.

இரண்டு மாதம் முடிந்தது. வேதநாயகி பட்டியலைப் பார்த்தார். நான்கு நிறுவனங்கள் போயிருந்தன. எட்டு நிறுவனங்கள் அவன் எழுத்துக்காகவே உயிரை விட்டன.

"போனது போகட்டும், கவி. நாளைக்கு சனிக்கிழமை அப்பாதுரையோட போய் இந்த எட்டுப் பேருக்கும் நேர்ல நன்றி சொல்லுங்க. ஆளுக்கொரு போட்டோ எடுத்துட்டு வாங்க. எட்டு போட்டோ வந்தா திங்கட்கிழமை வேலை நிரந்தர ஆர்டர் உங்க கையில இருக்கும்."

மறுநாள் காலை லேசான தூறல். எட்டு மைசூர்பாகு டப்பாக்களை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் உட்கார்ந்தான். அந்த எட்டுப் பேரிடமும் என்ன பேசுவது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தான். நீங்கள் எழுதாவிட்டால் நான் எழுதியிருக்க மாட்டேன் என்று சொல்ல வேண்டும். நேரில் ஒருவரிடம் இப்படிச் சொல்வது தனக்கு வருமா என்று நினைத்தபோதே காது சூடானது.

ஈரத் தெருக்களில் மெதுவாகப் போன ஆட்டோ, தேவாலயத்தைத் தாண்டித் திரும்பி, ஒரு பச்சை கேட்டின் முன்னால் நின்றது. அவன் வீட்டு கேட்.

"வீட்டுக்கு அப்புறம் வரலாம்ணே" என்றான் கவியரசன். "முதல்ல கம்பெனிங்களைப் பார்த்துடுவோம்."

"யார் வீட்டுக்கு சார்?"

மாடி வராந்தாவில், தொட்டிகளும் கொடிகளும் அடர்ந்த ஒரு சின்னக் காட்டுக்கு நடுவே, பழைய போனைக் கையில் பிடித்தபடி கிருத்திகா நின்றிருந்தாள். அவனைப் பார்த்ததும் போனை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

அப்பாதுரை பின்னாலிருந்து புதிய செடி ஒன்றை எடுத்துத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எட்டு கம்பெனியும் இந்த மாடிதான் சார். அந்தம்மா வாரத்துக்கு ஒண்ணு ஆரம்பிக்கிறாங்க, இது ஒன்பதாவது."