கடைசிப் பாட்டும் கறுப்பு வண்டியும்

அன்புள்ள மேபெல் அத்தைக்கு,

ஒடெசா பணிவன்புடன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். அங்கே உங்கள் முழங்காலும் பூனையும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். யாராவது உங்களுக்குத் தொலைபேசியில் எதையாவது சொல்வதற்குள் இந்தக் கடிதம் வந்துவிட வேண்டும். ஆகவே நடையில் குறையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவின் 'செம்மண் ரோடு' இசைக்குழுவுக்கு நேற்று ஸ்டூடியோவில் கடைசி நாள். முதல் இசைத்தட்டில் மற்ற எல்லாப் பாட்டும் தயார், கடைசிப் பாட்டுக்கு மட்டும் முடிவு அமையவில்லை. அது அமையாவிட்டால் இசைத்தட்டே வராது, அப்பா மறுபடி கோழிப்பண்ணைக்குத்தான் போக வேண்டும். கிதார் மெல்லத் தேய்ந்து முடிய வேண்டும் என்பது அப்பாவின் கட்சி. டிரம்ஸ் அடிக்கும் ஹார்லன் மாமா, அதுதான் அம்மாவின் அண்ணன், இடி இடித்து முடிக்கச் சொன்னார். இருவரும் பேச்சை நிறுத்திவிட்டதால் சண்டை என் வழியாக நடந்தது.

"பாப்பா, உங்கப்பன்கிட்ட சொல்லு, இது பாட்டு, ஒப்பாரி இல்ல."

சொன்னேன்.

"உங்க மாமன்கிட்ட சொல்லு, இது பாட்டு, விறகு பிளக்கிற எடம் இல்ல."

அதையும் சொன்னேன்.

சாயங்காலம் திடீரென்று பாட்டு அப்படிப் பிடித்துக்கொண்டது, அத்தை, எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. கடைசிச் சரணம் வந்தபோது ஜன்னலுக்கு வெளியே ஒரு கறுப்புச் சவ வண்டி ஊர்ந்து வந்தது, பின்னால் விளக்கெரிய ஒரு வரிசைக் கார்கள். அப்புறம் கேட்க வேண்டுமா, சவ வண்டியைக் கண்டால் கைவேலையைப் போட்டுவிட்டு மரியாதைக்கு நிற்கிற நம் அலபாமாக்காரர்களைத்தான் உங்களுக்குத் தெரியுமே. ஹார்லன் மாமா குச்சிகளைக் கீழே வைத்துத் தொப்பியைக் கழற்றினார், பேஸ் கிதார் வாசிப்பவர் எழுந்து நின்றார், கடைசியாக அப்பாவும் கிதாரை விட்டுவிட்டுத் தலைகுனிந்தார், கண்ணாடிக்கு அந்தப்புறம் ஒலிப்பதிவாளரின் தொப்பிகூட நெஞ்சுக்கு வந்துவிட்டது. பிரமாதமான பாட்டு பாதியில் போயிற்று.

வண்டியோ நேராக ஸ்டூடியோ வாசலுக்கே திரும்பியது. இறங்கியவர் எங்கள் குழுவில் ஆர்கன் வாசிக்கும் வெண்டல். "மன்னிச்சுக்கங்கப்பா, லேட்டாயிருச்சு. ஆர்கன் ஏத்த இந்த வண்டிதான் தோதா கெடச்சுது" என்றார். சவ வண்டியை முந்துவது மரியாதையில்லை என்று வழியெல்லாம் பின்தொடர்ந்த கார்க்காரர்களும் சோகமாக இறங்கினார்கள். ஒரு அம்மாள் என்னைக் கட்டிக்கொண்டு, "யாருடி கண்ணு போனது?" என்று கேட்டாள்.

"இன்னும் யாரும் போகலைங்க. ஆனா அப்பா வெண்டலைப் பாக்கிற பார்வைதான் சரியில்ல."

அப்பா அத்தனை பேரையும் உள்ளே அழைத்துக் கடைசிப் பல்லவியைப் பாட வைத்து ஒருவழியாகப் பாட்டை முடித்துவிட்டார். சமாதானம் மட்டும் ஆகவில்லை, தூது நான்தான். சவ வண்டி வந்து நின்ற சேதி ஊரெல்லாம் பரவி, வீட்டு மேசை முழுக்க ஊரார் கொண்டுவந்த துக்கச் சாப்பாடு. ஆகவே அப்பா காலமானதாக யார் சொன்னாலும் நம்பாதீர்கள், இரண்டாம் முறை உருளைக்கிழங்கு போட்டுக்கொண்டிருக்கிறார்.

உங்கள் பூனைக்கும் என் வணக்கத்தைச் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகள்
ஒடெசா

பி.கு.: மேலே எழுதியதில் பாட்டு முடிந்த விதத்தை அடித்துவிடுங்கள். தொப்பியைக் கழற்றிய அவசரத்தில் ஒலிப்பதிவாளர் டேப்பை நிறுத்த மறந்திருக்கிறார். இன்று போட்டுக் கேட்டோம். டிரம்ஸ் நிற்கிறது, பேஸ் நிற்கிறது, அப்பாவின் ஒற்றைத் தந்தி மட்டும் கொஞ்ச நேரம் அதிர்ந்து ஓய்கிறது. ஹார்லன் மாமா என் பக்கம் திரும்பிப் பேச வாயெடுத்தவர், என்னைத் தாண்டிப் போய் அப்பாவிடமே சொன்னார்: "இதுதான், மச்சான்."