கறித்தட்டில் கிடைத்த எழுத்து வாழ்க்கை

குளிர்காலம் முடிவதற்குள் எழுத்து உலகில் தொடர்புகளை வளர்த்துக்கொள்வது என்று சபதம் செய்தேன். வளர்த்தால் எழுத்தாளன். வளர்க்காவிட்டால் மச்சினன் கெர்ரட்டின் செப்டிக் டேங்க் லாரியில் குழாய் பிடிக்கிறவன். நடுவில் வேறு பிழைப்பு கிடையாது என்று என் மனைவி ரேலீன் தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

நான் முன்பும் எழுத்தாளன்தான். நகராட்சியில் வேலை. எந்தத் தெருவில் எந்த நாள் குப்பைத் தொட்டியை வெளியே வைக்க வேண்டும், எதற்குப் பச்சை மூடி, எதற்கு மஞ்சள் மூடி என்று வீடு வீடாக வரும் துண்டுப் பிரசுரங்கள் எல்லாம் என் கைவண்ணம். ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கில் இருக்கும் எங்கள் மாஃப்ரா ஊரில் என்னை வாசிக்காத வீடு இல்லை. வாசித்து முடித்த பிரசுரத்தை எந்தத் தொட்டியில் போட வேண்டும் என்பதையும் நானே எழுதியிருந்தேன். இப்பேர்ப்பட்ட திறமை குப்பைக்குப் போகிறதே என்று போன வருடம் வேலையை விட்டேன். ஃப்ரீலான்ஸ் எழுத்தாளன் ஆனேன்.

"ஃப்ரீலான்ஸ்னா என்ன மச்சான்?" என்று கேட்டான் கெர்ரட்.

"யார்கிட்டயும் வேலை பார்க்காதவன்."

"அதுக்குத்தான் ஏற்கெனவே ஒரு பேர் இருக்கே" என்றாள் ரேலீன், உருளைக்கிழங்கு உரித்தபடி.

தொடர்பு வளர்ப்பது எப்படி என்று ஓர் அமெரிக்கர் இணையத்தில் வகுப்பு நடத்தினார். பல் எல்லாம் வெளியே தெரியச் சிரித்தார். "உன்னை நீயே விற்கத் தெரிய வேண்டும். லிஃப்டில் ஏறி இறங்குவதற்குள் உன் பெருமையைச் சொல்லி முடித்துவிட வேண்டும்" என்றார். எங்கள் ஊரில் லிஃப்ட் கிடையாது. பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் ஒன்று இருக்கிறது. அதில் ஏறுகிறவர்கள் ஸ்ட்ரெச்சரில் படுத்திருப்பார்கள். என் பெருமையைக் கேட்கும் நிலையில் இருக்க மாட்டார்கள்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. தன்னைத் தானே புகழ்கிறவனை எங்கள் ஊர் மன்னிக்காது. நானூறு மாடு வைத்திருப்பவனிடம் எப்படிப் போகிறது என்று கேளுங்கள். "ஏதோ இழுத்துக்கிட்டுப் போகுது" என்பான். பிடித்தவனை வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். பிடிக்காதவனுக்குத்தான் மரியாதை. ஒருவனை இங்கே "மிஸ்டர்" என்று கூப்பிட்டால் அவன் வீட்டை விற்றுவிட்டு வேறு ஊர் பார்ப்பது நல்லது. இதெல்லாம் எனக்குத் தெரியாதா? இங்கேயே பிறந்தவன் நான். ஆனால் வகுப்புக்குக் கட்டணம் கட்டியாயிற்று. கட்டணம் கட்டிய புத்தி, பிறந்த புத்தியை ஜெயித்துவிட்டது.

எனக்கு வேண்டியவர் ஒரே ஒருவர். இமோஜன். "பசும்புல்" என்ற மாத இதழின் ஆசிரியை. எங்கள் கிப்ஸ்லாந்து வட்டாரம் முழுவதும் பல் டாக்டர்களின் வரவேற்பறை மேஜையில் கிடக்கிற இதழ். போன வருடம்தான் ஊருக்கு வெளியே ஒரு பழைய பண்ணை வீட்டை வாங்கிக் குடிவந்திருந்தார். அவருக்கு நான் அனுப்பிய மின்னஞ்சல்களைச் சேர்த்தால் ஒரு தனி இதழே போடலாம். பதில்தான் வரவில்லை.

"இமோஜனா? நம்ம கடைக்குத்தான் அலர்ஜி மாத்திரை வாங்க வருவா. நான் வேணா சொல்லட்டுமா?" என்றாள் ரேலீன். அவள் கடைத்தெரு மருந்துக் கடையில் வேலை செய்கிறாள். ஊரில் யாருக்கு எங்கே அரிப்பு என்பது அவளுக்குத் தெரியும்.

எனக்குச் சுருக்கென்றது. "எழுத்தாளனுக்குப் பெண்டாட்டி சிபாரிசா? அதுவும் மாத்திரைக் கடையில? நீ ஒரு வார்த்தை பேசக்கூடாது, ரேலீன்."

"உன் பேச்சையே எடுக்கலைப்பா."

"சொந்தக் கால்ல நின்னு காட்டறேன்."

"நில்லு. கால் சைஸ் என்ன, பத்தா?"

"பத்துதான். ஏன்?"

"சும்மா கேட்டேன். உன் காலணி அலமாரியில இடத்தை அடைக்குது."

மனைவி சும்மா கேட்டேன் என்று சொன்னால் எழுந்து ஓட வேண்டும். நான் உட்கார்ந்து டீ குடித்தேன்.

திட்டம் இதுதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம், புல்தரையில் பந்து உருட்டி விளையாடுகிற பௌல்ஸ் கிளப்பில் கறித்தட்டுக் குலுக்கல் நடக்கும். சீட்டு விழுந்தவருக்கு ஒரு பெரிய தட்டு நிறைய ஆட்டுக்கறி, சாஸேஜ், கோழிக்கால். வேறு கிளப்புகளில் தட்டை வாங்கிக்கொண்டு போகலாம். எங்கள் கிளப்பில் ஜெயித்தவர் மேடையேறி மைக்கில் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். "நன்றி, அடுப்பைப் பத்த வைங்க" என்பதற்கு மேல் அந்த மைக் எதையும் கேட்டதில்லை. இமோஜன் வெள்ளிதோறும் அங்கேதான் சாப்பிட வருவார். நான் ஜெயிப்பேன். மைக்கைப் பிடிப்பேன். லிஃப்ட் இல்லாவிட்டால் என்ன, மேடை இருக்கிறதே!

ஒரே இடைஞ்சல், சீட்டு விற்பவள் ரேலீன். கிளப்பின் ஒழுகும் கூரைக்குப் பணம் சேர்க்க வாளியைத் தூக்கிக்கொண்டு மேஜை மேஜையாக வருவாள்.

ஆகஸ்ட் மாதக் கடைசி வெள்ளி. எங்கள் பக்கம் இன்னும் ஒன்றிரண்டு நாளில் வசந்தம். கெடு முடிகிறது. கூடம் நிரம்பியிருந்தது. மூலையில் இமோஜன், எதிரே தட்டில் சீஸ் உருகிய கோழிக்கறிப் பார்மா.

"ரேலீன், இன்னும் ஒரு கட்டு சீட்டு கொடு."

"ஏற்கெனவே கையில விசிறி மாதிரி வச்சிருக்கே. அவ்வளவு கறி ஆசையா?"

"கூரைக்குத்தான். ஒழுகுதுல்ல?"

"ஒழுகறது கூரையா, உன் பர்ஸான்னு தெரியலை" என்று சிரிக்காமல் கிழித்துக் கொடுத்தாள்.

பாதிச் சீட்டு என் கையில் இருந்தால் விழாமல் எங்கே போகும்? விழுந்தது. மேடைக்கு ஓடினேன். ஒரு கையில் தட்டு. மறுகையில் மைக்.

"நண்பர்களே! நான் நெவில் டன்ஸ்டன். சொற்களின் சிற்பி. நான் எழுதினால் கல்லும் கண்ணீர் விடும். எந்தப் பத்திரிகைக்கும் நான் கிடைத்தால் அது அந்தப் பத்திரிகையின் பாக்கியம்..."

கூடம் அமைதியானது. நல்ல அமைதி இல்லை. மாட்டு டாக்டர் கையை விட்டுப் பார்க்கும்போது மாடு நிற்குமே, அந்த அமைதி. யாரோ கையிலிருந்த முள்கரண்டியைக் கீழே வைத்தார்கள். பின்வரிசையில் இருந்து ஒரு பால்பண்ணைக்காரர் மெதுவாகச் சொன்னார்: "ரொம்ப நன்றிங்க, மிஸ்டர் டன்ஸ்டன்."

மிஸ்டர்! தட்டிலிருந்து ஒரு சாஸேஜ் உருண்டு விழுந்தது. மூலையில் இமோஜன் கைப்பையைத் தேடிக்கொண்டிருந்தார். செப்டிக் டேங்க் வாடை அப்போதே என் மூக்குக்கு வந்துவிட்டது. உண்மையாகவே அழுகை வந்தது.

அப்போது ரேலீன் வாளியோடு மேடையேறி மைக்கைப் பிடுங்கினாள்.

"இதோ நிக்குதே, இது என் புருஷன். யாரும் பயப்படாதீங்க, கடிக்காது. குப்பைத் தொட்டியை எந்த நாள் வெளியே வைக்கணும்னு ஊருக்கே எழுதிக் கொடுத்த மகான். எங்க வீட்டுத் தொட்டி ஒரு தடவைகூட அந்த நாள்ல வெளியே போனதில்லை!"

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது.

"சொற்களின் சிற்பியாம். போன மாசம் கோழிக்கூண்டு செஞ்சான். கோழி வெளியே நிக்குது, இவன் உள்ளே மாட்டிக்கிட்டான். கெர்ரட் வந்துதான் அறுத்து எடுத்தான்."

"பொய்! கதவு வீங்கிடுச்சு!" என்று கத்தினேன்.

"கதவா, தலையா?" என்று கேட்டார் மிஸ்டர் போட்ட அதே பால்பண்ணைக்காரர். "உருப்படாத பயலே, இறங்குடா!" என்று இன்னொருவர். என் காதில் தேன் பாய்ந்தது. ஊர் என்னைத் திரும்பச் சேர்த்துக்கொண்டுவிட்டது.

நாங்கள் மேடையிலிருந்து இறங்கி உட்கார்ந்ததும், இமோஜன் சிரித்த கண்ணைத் துடைத்துக்கொண்டே எங்கள் மேஜைக்கு வந்தார்.

"நீ எதுக்குமே லாயக்கில்லையாமே?"

"ஏதோ இழுத்துக்கிட்டுப் போகுது" என்றேன் பணிவாக. பிறந்த புத்தி திரும்பியிருந்தது.

"உன்னை மாதிரி ஆளைத்தான் தேடிட்டிருந்தேன். மாசா மாசம் ஒரு கட்டுரை. ஒரு வருஷம். உண்டா, இல்லையா?"

"உண்டு! உண்டு!" விஷயத்தைக் கேட்கவில்லை. கையைக் குலுக்கினேன். கூடம் முழுக்கச் சாட்சி. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். நான் தலைகீழாகவே குதித்தேன்.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அடுத்த மேஜையில் இருந்த கெர்ரட்டிடம் போனேன். "தம்பி, உன் லாரிக்கு வேற ஆள் பாத்துக்கோ. நான் எழுத்தாளன்."

கெர்ரட் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துத் திறந்தான். தொடை வரை வரும் ரப்பர் பூட்ஸ். புத்தம் புதியது. சைஸ் பத்து.

"என்னடா இது?"

"கட்டுரைக்கு மச்சான். இமோஜன் சொல்லலையா? ஒரு வருஷம் என்கூட லாரியில வரப்போறே. வீடு வீடாப் போறோம், நான் டேங்கைத் திறக்கறேன், நீ குழாயைப் பிடிச்சுக்கிட்டே ஜனங்க பேசறதைக் கேட்டு எழுதறே. அக்கா யோசனை. செவ்வாய்க்கிழமையே மாத்திரை வாங்க வந்தப்ப பேசி முடிச்சுட்டாங்க. ஆளை ஒரு தடவை பாத்துட்டுச் சொல்றேன்னு இமோஜன் சொன்னாங்களாம்."

நான் ரேலீன் பக்கம் திரும்பினேன். "என் பேச்சையே எடுக்க மாட்டேன்னு சொன்னியே!"

"உன் பேச்சை எடுக்கலையே. தம்பி லாரியைப் பத்தித்தான் பேசினேன். லாரி ஓட்டறவன் பின்னாடி சும்மா ஒரு ஆள் போனா நல்லாயிருக்கும்னேன்." வாளியை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். "ஊர்ல எல்லார் வீட்டுக்கும் போறவன் யாரு? கெர்ரட். போற இடத்துல ஜனங்க மனசு விட்டுப் பேசறது யார்கிட்ட? கெர்ரட்கிட்ட. மூடியைத் திறந்தப்புறம் ஒருத்தர்கிட்ட என்னத்தை மறைக்கிறது? தொடர்பு தொடர்புன்னு தவிச்சியே, நெவில். இதைவிடப் பெரிய தொடர்பு இந்த ஜில்லாவிலேயே கிடையாது."

எனக்குக் கோபம் வந்தது. அதைவிட மோசமாக, அவள் சொன்னது சரி என்றும் பட்டது.

"அப்ப நீ தர்ற சம்பளம்?" என்று கெர்ரட்டிடம் கேட்டேன், கடைசி நம்பிக்கையாக.

"எதுக்கு மச்சான்? அதான் பத்திரிகை தருதே. அக்காதான் சொன்னா, ரெண்டு பக்கமும் வாங்கினா எழுத்தாளன் மானம் போயிடும்னு."

திங்கட்கிழமை விடியற்காலை வாசலில் லாரி ஹார்ன் அடித்தது. பனி கொட்டிக்கொண்டிருந்தது. சட்டைப் பையில் பேனா, காலில் ரப்பர் பூட்ஸ். அமெரிக்கர் சொன்ன மாதிரி நிமிர்ந்து, பல் தெரியச் சிரித்தபடி, என் எழுத்து வாழ்க்கையை நோக்கி நடந்தேன். முதல் வீடு யாருடையது என்று கெர்ரட்டிடம் கேட்டேன். அந்தப் பால்பண்ணைக்காரருடையதாம்.

படிக்கட்டில் போர்வையைச் சுற்றிக்கொண்டு ரேலீன் நின்றாள். ஒரு நல்ல வார்த்தை சொல்லி வழியனுப்பப்போகிறாள் என்று திரும்பிப் பார்த்தேன்.

"போறப்ப அந்தக் குப்பைத் தொட்டியையும் வெளியே வச்சுட்டுப் போ. இன்னைக்குத்தான் நாள், நீயே எழுதியிருக்கே."