ட்ரையல் முடிந்து பந்தயம் எப்போது?

மரக்காணம்,
சனிக்கிழமை மாலை

மரியாதைக்குரிய மாப்பிள்ளை ரெக்ஸ் அவர்களுக்கு,

மாமா சிலுவைமுத்து எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே என் முழங்கால்களைத் தவிர அனைவரும் நலம். அங்கே நீங்களும் மகள் ஜெனிதாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசாமல் கடிதம் எழுதக் காரணம், என் போன் உப்புப் பாத்தியில் விழுந்து ஊறிவிட்டது. உங்கள் அத்தையின் போனில் பேசலாம்தான். ஆனால் இது அவள் காதுக்குப் போகக் கூடாத விஷயம்.

குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். சர்க்கரை ஏறியிருக்கிறது, ஓடினால் இறங்கும் என்று சொல்லி, ஆரஞ்சு நிற ஷூ வாங்கித் தந்து, ஞாயிறு விடியற்காலையில் உப்பளத்தில் ஓடுகிற குழுவில் என்னைச் சேர்த்துவிட்டது நீங்கள். "ட்ரையல் ரன்தான் மாமா, பயப்படாதீங்க" என்றீர்கள். நான் பம்ப் ஹவுசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். புது மோட்டார் வந்தால் முதலில் ட்ரையல் ரன் பார்ப்போம், பிறகுதான் நிஜமாக ஓட விடுவோம். ஆகவே ட்ரையல் முடிந்ததும் பந்தயம் வரும் என்று எடுத்துக்கொண்டேன். வேறு எப்படி எடுத்துக்கொள்வது? அதை உங்கள் அத்தை ஆனந்தம்மாளிடம் சொன்னேன், அவள் பங்குச் சாமியாரிடம் சொன்னாள், அவர் பூசையில் மன்றாட்டு வாசிக்கும்போது "பந்தயத்துக்குத் தயாராகும் சிலுவைமுத்துவின் வெற்றிக்காக" என்று ஒரு வரி சேர்த்துவிட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் ஊரே எனக்காக மன்றாடுகிறது. மெடல் மாட்ட உங்கள் அத்தை ஹாலில் ஆணியும் அடித்துவிட்டாள்.

இனி குழுவின் லட்சணத்தைக் கேளுங்கள். நடத்துகிறவர் வினோதினி என்று பெரிய முதலியார்சாவடியில் பல் டாக்டர். நல்ல பெண், ஆனால் அவர் வைத்திருக்கும் சட்டம் ஒன்றும் ஓட்டத்துக்கான சட்டமாகத் தெரியவில்லை. பேசிக்கொண்டே ஓட வேண்டுமாம், மூச்சு வாங்கிப் பேச்சு நின்றால் நடக்க வேண்டுமாம், ஏற்றம் வந்தால் கூச்சப்படாமல் நடக்கலாமாம், வரப்பு பிரிகிற இடத்தில் கடைசி ஆள் வரும்வரை எல்லோரும் நிற்க வேண்டுமாம், நாரை தெரிந்தாலும் நிற்க வேண்டுமாம். நான் முதல் நாளே அத்தனை பேரையும் முந்திக்கொண்டு போனேன். திரும்பிப் பார்த்தால் ஒருவரையும் காணோம், எல்லோரும் நாரை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பார்த்தபடியே ஓடினதில் வரப்பு தவறி, சேற்றில் ஒரு ஷூ போய், போனும் போச்சு. உப்பு வாரிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் நிமிர்ந்து, "இன்னா சார், யாருமே தொரத்தலியே, எதுக்கு இப்டி ஓடியார்ற?" என்றாள். ஷூவை அவள்தான் பலகையால் தோண்டி எடுத்துத் தந்தாள். கடைசியில் டீக்கடையை முதலாவதாகத் தொட்டவன் நான்தான். கைதட்டல் இல்லை. "சூப்பர் அங்கிள், அப்படியே திரும்பிப் போய் பின்னாடி வர்றவங்களக் கூட்டிக்கிட்டு வாங்க" என்றார் டாக்டர். ஜெயித்தவனுக்கு இது தண்டனையா இல்லையா, நீங்களே சொல்லுங்கள்.

சரி, ட்ரையல்தானே என்று பொறுத்தேன். போன வாரம் பொறுமை போய்க் கேட்டேவிட்டேன்.

"ஏம்மா, ட்ரையல் போதும். நெசமான பந்தயம் என்னிக்கு?"

"என்ன பந்தயம் அங்கிள்?"

"நீங்கதானம்மா ட்ரையல் ரன்னு சொல்லிக்கிட்டு இருக்கீங்க."

"அய்யோ அங்கிள், ட்ரையல் இல்ல, ட்ரெயில். ட்ரெயில்னா மண்ணுப் பாதை. நம்ம குரூப்புல போட்டியே கிடையாது. யாரும் ஜெயிக்க மாட்டாங்க, யாரும் தோக்க மாட்டாங்க."

மாப்பிள்ளை, யாரும் ஜெயிக்காத ஒன்றில் நான் ஜெயிக்க வேண்டுமென்று கோயில் பங்கு மக்கள் அத்தனை பேரும் மன்றாடிக்கொண்டிருக்கிறார்கள். இதை நான் போய் எந்த வாயால் சொல்வேன்? கோயிலுக்குப் போனால், "எப்பண்ணே மெடலு?" என்கிறார்கள். ஆணியைப் பார்த்தாலே எனக்கு சர்க்கரை ஏறுது. எனவே தாழ்மையான வேண்டுகோள்: என் பெயரை உடனே குழுவிலிருந்து எடுத்துவிடுங்கள். அத்தைக்குப் போன் போட்டு, பந்தயம் ரத்தாகிவிட்டது, உப்பளத்தில் தண்ணீர் ஏறிவிட்டது என்று நீங்களே சொல்லிவிடுங்கள். மருமகன் சொன்னால் நம்புவாள். நான் சொன்னால் தண்ணீரைப் பார்க்க நேரில் போவாள்.

ஜெனிதாவுக்கு என் முத்தம். உங்கள் வீட்டில் உப்புக்கும் சிரிப்புக்கும் என்றும் குறை வராமல் ஆண்டவர் காப்பாராக.

இப்படிக்கு,
உங்கள் மாமா,
சிலுவைமுத்து

பி.கு.: ஞாயிறு மதியம். கடிதத்தை இன்னும் தபாலில் போடவில்லை. பெயரை எடுக்க வேண்டாம். "எப்ப பாரு ட்ரையலு ட்ரையலுன்னுக்கிட்டு. நானே வந்து பாக்குறேன்" என்று உங்கள் அத்தை இன்று ரப்பர் செருப்போடு கூடவே வந்துவிட்டாள். டாக்டர் அவளையும் ஓட்டத்தில் சேர்த்துக்கொண்டார். அவள் பேச்சு நிற்கவே இல்லை, ஆகையால் சட்டப்படி குறையே சொல்ல முடியாது. எல்லோருக்கும் கடைசியாக வந்தாள். வழக்கம்போல் நான் டீக்கடையைத் தொட்டுவிட்டு அவளைக் கூட்டிவரத் திரும்பிப் போனேன். வரப்பில் ஒரு ஆள்தான் போகலாம் என்பதால் அவளை முன்னால் விட்டு நான் பின்னால் வந்தேன். கடைசி ஆள் வந்துவிட்டார் என்று குழுவே கைதட்டியது. அவள் அதை வேறு விதமாகப் புரிந்துகொண்டாள். எட்டு மணிப் பூசையில், பந்தயத்தில் கணவரை முந்தி வெற்றி பெற்ற ஆனந்தம்மாளுக்காக நன்றி மன்றாட்டு வாசித்தார்கள். மறுத்தால் பந்தயமே இல்லை என்பதையும் சொல்ல வேண்டிவரும் என்பதால் நானும் "ஆமென்" என்றேன். அடுத்த முறை வரும்போது அவளுக்கு ஆறாம் நம்பரில் ஒரு ஷூ வாங்கி வரவும். கொஞ்சம் வேகம் குறைவான ஷூவாகப் பார்த்து வாங்கவும்.