ஆளுக்கொரு மேசை

நான் ஒரு முட்டாள். அதுவும் நல்லெண்ணம் உள்ள முட்டாள். (இந்த வகைதான் ஆபத்தானது.)

தெல்தோட்டைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலைக்கு அதிபராகப் போன புதிது. கண்டியில் நடந்த செயலமர்வொன்றில், ஆசிரியருக்கு மனநிறைவு இருந்தால்தான் படிப்பிப்பதும் நன்றாயிருக்கும் என்றார்கள். (பகல் சாப்பாடு அருமை, அதனால் முழுதாக நம்பினேன்.) மனநிறைவுக்கு என்ன வேண்டும்? ஆளுக்கொரு தனி மேசை. ஆசிரியர் அறையிலிருந்த நீள மேசையைத் தோட்டத்துக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டு, சின்ன மேசைகளைச் சுவரைப் பார்த்துப் போட்டேன். அறை அமைதியாகிவிட்டது. வாசலில் நின்று நானே ரசித்தேன்.

அடுத்த வாரமே ரிஸ்வானா டீச்சர் இடமாற்றம் கேட்டு எழுதிய கடிதத்தோடு வந்து நின்றார். எங்களுக்கிருந்த ஒரே கணித ஆசிரியை. சாதாரண தரப் பரீட்சைக்கு இருந்த பிள்ளைகள் அவரைத்தான் நம்பியிருந்தார்கள்.

“மஹய்யாவயில இருந்து வாறது கஷ்டமா டீச்சர்?”

“அது பழகிட்டு.”

“பாடங்கள் கூடிப் போச்சா?”

“இல்ல சேர்.”

“அப்ப, மேசை சின்னதா?” (பெருமையோடுதான் கேட்டேன்.)

“முந்தி ஆளுக்கொரு கறி கொண்டாந்து நடுவுல வைப்போம். இப்ப என்ட கறிய நானே தின்ன ரெண்டு பஸ் ஏறி வரணுமா சேர்?”

செயலமர்வில் கறியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

கோயிலுக்கு ஓடினேன். அன்னதானத்துக்கான பூசணிக்காய்கள் அந்த மேசையில் மலையாகக் கிடந்தன. விஷயத்தைச் சொன்னதும், சமையலைக் கவனித்துக்கொண்டிருந்த செல்லம்மாக்கா என்னிடம் கத்தியை நீட்டினார்.

“வெட்டி முடிச்சாத்தான் மேச காலியாகும். ஒக்காருங்க சேர்.”

கழுத்துப்பட்டியோடு நான் பூசணிக்காய் வெட்டியதை, பள்ளி விட்டுப் போன பிள்ளைகள் வரிசையில் நின்று பார்த்தார்கள். இன்றைக்கும் என் வீட்டில் பூசணிக்காய் வாங்கினால், “இது அதிபர் வேலை” என்று மனைவி கத்தியைத் தந்துவிட்டுப் போய்விடுவாள்.

மறுநாள் மேசை பழைய இடத்துக்கு வந்தது. ரிஸ்வானா டீச்சர் கடிதத்தை என் கண்முன்னாலேயே கிழித்துப் போட்டார். பகல் மணி அடித்ததும் கறிகள் ஒவ்வொன்றாக நடுவுக்கு வந்தன. அதுவரை காரியாலயத்தில் தனியாகச் சாப்பிட்டு வந்த நான், அன்று சாப்பாட்டுப் பெட்டியோடு வாசலில் நின்று தொண்டையைச் செருமினேன்.

“நானும் ஒரு பருப்புக் கறி கொண்டாந்திருக்கேன். சேர்த்துக்குவீங்களா?”

ரிஸ்வானா டீச்சர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

“கையக் கழுவிட்டு வாங்க சேர்.”